பல் வைத்த கண்ணை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்வது

கோரைப்பல்லையும் அதன் வேரைப் பிடித்திருக்கும் தாடை எலும்பையும் எடுத்துக் கண்ணில் பொருத்தும் ஆபரேஷனைப் பற்றிப் பேச்சு எடுத்தால், பார்வை வருமா என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. வந்த பார்வை எத்தனை வருஷம் நிற்கும், எது அதைக் குலைக்கும் என்று கேட்கிறவர்கள் குறைவு. இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் பழகியதில் நாங்கள் தெரிந்துகொண்ட முக்கியமான விஷயம் ஒன்று: இந்தக் கண் வலிக்காமலே கெடும். கண் சிவந்திருக்கிறதா என்று பார்த்தும் பயனில்லை. கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுத்துக் கண்மேல் போர்த்திய, ஏற்கெனவே ரோஜா நிறத்தில் இருக்கும் சவ்வில் புதுச் சிவப்பு எப்படித் தெரியும்? தொந்தரவு வந்தால் டாக்டரிடம் போகலாம் என்ற நம் வழக்கம் இங்கே உதவாது. நாள் குறித்து வைத்துக்கொண்டு, நன்றாகத் தெரிகிறபோதே போக வேண்டும்.

இத்தாலியில் ஸ்ட்ரம்பெல்லி என்ற கண் டாக்டர் 1963-இல் அறிமுகப்படுத்திய முறை இது. ஃபால்சினெல்லி என்ற இன்னொரு டாக்டர் அதைத் திருத்தினார். சென்னையில் நடப்பது அந்தத் திருத்திய முறைதான்; நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவின் மருத்துவர்கள் தாங்கள் செய்த முதல் 50 கண்களின் விளைவுகளை 2010-இல் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். மாத்திரை ஒவ்வாமல் வரும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயில் கண்ணீர் முழுக்க வற்றிப்போனவர்கள், ஆசிட்டோ சுண்ணாம்போ பட்டு இரண்டு கண்ணும் வெந்துபோனவர்கள் ஆகியோருக்குத்தான் பெரும்பாலும் இது செய்யப்படுகிறது. தானமாக வரும் கருவிழி ஈரமில்லாத கண்ணில் பிழைக்காது. பாஸ்டன் முதல் வகை (டைப் 1) செயற்கைக் கருவிழிக்கும் இமையும் ஈரமும் வேண்டும். வறண்ட கண்ணிலும் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கக்கூடியது கன்னத்துச் சவ்வு போர்த்திய இந்தப் பல்.

எவ்வளவு காலம் நிற்கும்? ஃபால்சினெல்லி குழு 2005-இல் 181 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட கணக்குப்படி, 18 ஆண்டுகள் கழித்தும் பல் தகடு அப்படியே இருக்கும் வாய்ப்பு 85 சதவீதம். கருவிழி சிகிச்சைகளில் இது மிக நல்ல எண். ஆனால் அந்த எண் சொல்வது தகடு நிற்பதை மட்டும். தகடு அசையாமல் நின்றபடியே கண்ணுக்குள் நீர் அழுத்தம், அதாவது பிரஷர், ஏறிப் பார்வை நரம்பு செத்துப்போன கண்களும் அந்த 85-க்குள் அடக்கம். டாக்டர் "தகடு நல்லா இருக்கு" என்று சொன்னால் அதோடு எழுந்து வந்துவிடாமல், "நரம்பு எப்படி இருக்கு?" என்றும் கேளுங்கள்.

தகடு கரைவது

கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எது கெடும் என்பது புரியும். கோரைப்பல்லை நீளவாக்கில் அறுத்து, ஒரு பக்கம் பல்லின் உட்பகுதியும் மறுபக்கம் எலும்பும் இருக்கும்படி சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தகடு செய்கிறார்கள். நடுவில் துளை போட்டு, பிஎம்எம்ஏ என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சிலிண்டரைச் சிமென்ட் வைத்து ஒட்டுகிறார்கள். இந்தத் தகடு இரண்டு முதல் நான்கு மாதம் கண்ணுக்குக் கீழே தோலுக்கடியில் புதைந்திருந்து தன்னைச் சுற்றி ரத்த ஓட்டத்தை வளர்த்துக்கொள்ளும். பிறகு அதை வெளியே எடுத்துக் கருவிழிமேல் தைத்து, முன்பே கண்ணில் ஒட்டிவைத்த கன்னத்துச் சவ்வால் மூடி, சிலிண்டர் மட்டும் வெளியே தெரியும்படி ஒரு துளை விடுகிறார்கள்.

பிளாஸ்டிக் கெட்டுப்போவதில்லை. அதைப் பிடித்திருக்கும் எலும்புதான் மெல்ல மெல்லக் கரையும். ஜன்னல் கண்ணாடி புதிதாக இருந்தும் மரச்சட்டத்தைச் செல் அரித்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும். முதலில் சிலிண்டர் லேசாகச் சாயும். பிறகு ஓரத்தில் இடைவெளி விழும். அந்த வழியாக உள்நீர் வெளியே கசியும், வெளிக் கிருமி உள்ளே நுழையும். கடைசியில் சிலிண்டரே கழன்றுவிடும்.

ஏன் கரைகிறது என்பதற்கு ஒரே காரணம் இல்லை. ஈறு நோயால் வேரைச் சுற்றியிருந்த எலும்பு முன்பே மெலிந்திருந்தால் தகடும் மெலிதாகவே அமையும். பல்லையும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தசைநார் அறுக்கும்போது சேதமானால் எலும்பு சீக்கிரம் கரையும். மேலே போர்த்திய சவ்வு கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால் ரத்த ஓட்டம் நின்று அந்த இடம் போய்விடும். வயது குறைந்தவர்களுக்கு எலும்பு வேகமாகக் கரையும். சிறு பிள்ளைகளுக்குச் செய்யத் தயங்குவதற்கு இது ஒரு காரணம். சொந்தப் பல் இல்லாமல் உறவினர் பல்லை வைத்தால் உடம்பு அதை அந்நியமாகப் பார்க்கும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டாலும் சொந்தப் பல் அளவுக்கு அது நிற்பதில்லை. அம்மாவோ அண்ணனோ பல் தருகிறேன் என்று முன்வருவது பெரிய மனசுதான். ஆனால் நோயாளியின் சொந்தக் கோரைப்பல் ஒன்றாவது தேறுமா என்று கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் அந்த வழிக்குப் போக வேண்டும்.

கண்டுபிடிக்க மூன்று வழி உண்டு. ஒன்று, டாக்டர் விரலாலோ பஞ்சுக் குச்சியாலோ சவ்வுக்கு மேலே தடவித் தகட்டின் ஓரங்களை உணர்வது. இரண்டாவது, கண்ணாடி பவர். சிலிண்டர் முன்னாலோ பின்னாலோ நகர்ந்தாலும், சாய்ந்தாலும் பவர் மாறும். நான்கு வருஷமாக ஒரே பவரில் தெளிவாகப் படித்தவருக்குத் திடீரென்று வேறு பவர் தேவைப்பட்டால், கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்திப்படுவதைப் போல ஆபத்தான காரியம் வேறில்லை. புதுக் கண்ணாடிக்கு எழுதும் முன் தகட்டைப் பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது சிடி ஸ்கேன். விரலுக்குத் தெரியாத மெலிவு இதில் தெரியும், முக்கியமாகத் தகட்டின் பின்பக்கம். ஆபரேஷன் முடிந்த சில மாதங்களில் ஒன்று எடுத்து அதை அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் எடுக்கும் ஒவ்வொன்றையும் அதோடு ஒப்பிட வேண்டும். முடிந்தவரை அதே சென்டரில், அதே மெலிதான ஸ்லைஸில் எடுங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படங்கள் பதிந்த டிஸ்க்கையோ பென்டிரைவையோ கேட்டு வாங்குங்கள். கண் சிடி என்று மட்டும் எழுதிக்கொண்டு போனால் ஸ்கேன் சென்டரில் தகட்டை அளக்க மாட்டார்கள். தகட்டின் நீளம், அகலம், கனம் மூன்றையும் மில்லிமீட்டரில் தரும்படி டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொண்டு போவது நல்லது.

இன்னொரு அறிகுறியை எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வருஷக்கணக்காக வறண்டு கிடந்த கண்ணில் தண்ணீர் வந்தால் வீடே சந்தோஷப்படும். அது கண்ணீராக இல்லாமல், சிலிண்டர் ஓரமாகக் கசியும் உள்நீராக இருக்கலாம். கூடவே பார்வை மங்கினாலோ கண் மெத்தென்று தொய்ந்தாலோ அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

கரைவது தெரிந்துவிட்டால் என்ன செய்வார்கள்? ஆரம்பத்தில் சவ்வைச் சரிசெய்து, வீக்கத்தையும் தொற்றையும் அடக்கி, அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கவனிப்பார்கள். பல் மெலிதாக இருப்பவர்களுக்குத் தகடு செய்யும்போதே தாடையிலிருந்து கூடுதல் எலும்பு சேர்த்துக் கனப்படுத்தும் முறையும் சென்னையில் செய்யப்பட்டிருக்கிறது. சிலிண்டர் ஆட ஆரம்பித்துவிட்டால், இன்னொரு கோரைப்பல்லை எடுத்துப் புதிதாகத் தகடு செய்வதுதான் வழி. அதற்கும் முதல் தடவை போலவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தானாகக் கழன்று விழும்வரை விட்டால் அந்த அவகாசம் கிடைக்காது.

பிரஷர்

பார்வையை நிரந்தரமாகப் பறிப்பதில் எங்கள் கணிப்பில் முதல் எதிரி இதுதான். தகடு போனால் மாற்ற வழி இருக்கிறது, செத்த பார்வை நரம்புக்கு மாற்று கிடையாது. ஆசிட், சுண்ணாம்பு பட்ட கண்களில் உள்நீர் வடியும் பாதை முன்பே வெந்துபோயிருக்கும். பலருக்கு ஆபரேஷனுக்கு முன்னாலேயே பிரஷர் தொடங்கியிருக்கும்.

மற்றவர்களுக்கு காற்று ஊதியும் கருவிழியைத் தொட்டும் பிரஷர் பார்க்கும் எந்த மெஷினும் இந்தக் கண்ணில் வேலை செய்யாது. முன்னால் இருப்பது எலும்பு. பழகிய டாக்டர் இரண்டு ஆள்காட்டி விரலாலும் மேல் இமை வழியாக அழுத்திப் பார்த்துத்தான் சொல்வார். அதனால் ஒரே டாக்டர் தொடர்ந்து பார்ப்பது இந்த நோயில் மிகவும் முக்கியம். போன தடவை எப்படி இருந்தது என்ற நினைவு அவர் விரலில்தான் இருக்கிறது. அதோடு பார்வை நரம்பின் போட்டோவும் சுற்றுப்பார்வைப் பரிசோதனையும் கட்டாயம். சிலிண்டர் வழியாகத் தெரியும் வட்டம் முதலிலிருந்தே சின்னது என்பதால், அது இன்னும் சுருங்குவதை நோயாளியால் சுலபமாக உணர முடியாது. வாசற்படியில் இடறுவதும் பக்கவாட்டில் வருகிறவர்மேல் மோதுவதும் அதிகமானால் வீட்டிலிருப்பவர்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். கடைசி எழுத்து வரை படிக்க முடிகிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. நடுப்பார்வை கடைசியில்தான் போகும்.

சொட்டு மருந்து தடித்த கன்னத்துச் சவ்வைத் தாண்டி அவ்வளவாக உள்ளே போவதில்லை. அதனால் டயமாக்ஸ் மாத்திரை எழுதுவார்கள். விரல் நுனியில் மரமரப்பு, வாயில் ஒரு மாதிரி ருசி, அடிக்கடி சிறுநீர் எல்லாம் அதோடு வரும். பொட்டாசியம் குறையும் என்பதால் வாழைப்பழமும் இளநீரும் சாப்பிடச் சொல்வார்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர் டாக்டரைக் கேட்காமல் அதைச் செய்யக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதில் மிக முக்கியமான எச்சரிக்கை: டயமாக்ஸ் சல்ஃபா வகையைச் சேர்ந்தது. சல்ஃபா மாத்திரையால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் வந்து கண்ணை இழந்தவர், பிரஷருக்கு மாத்திரை எழுதும் ஒவ்வொரு டாக்டரிடமும் அந்த வரலாற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஃபைலில் இருக்கிறது, அவரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

மாத்திரைக்கு அடங்காவிட்டால் அகமது வால்வு போன்ற சிறு குழாய் வைத்து உள்நீரை வடியவிடுவார்கள், அல்லது நீர் சுரக்கும் பகுதியை லேசரால் சுடுவார்கள். குழாய் சவ்வைத் துளைத்து வெளியே தலைகாட்டுவது உண்டு. வால்வு வைத்த இடத்தையும் சேர்த்தே தினமும் பார்க்க வேண்டும்.

சவ்வு

கன்னத்திலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் அகலத்துக்கு எடுத்து ஒட்டிய சவ்வு இது. நல்ல சவ்வு ஈரமாக, ரோஜா நிறத்தில், தடிப்பாக இருக்கும். வெளுத்துப்போனால் ரத்த ஓட்டம் குறைகிறது என்று பொருள். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கெட்டியாக ஒரு புள்ளி தெரிந்தால் அது அழுக்கு இல்லை, வெளியே வந்த எலும்பு. துடைத்து எடுக்க முயலக் கூடாது. கருவிழிக்கு இருக்கிற கூச்சம் இந்தச் சவ்வுக்குக் கிடையாது. ஓட்டை விழுந்தாலும் பெரிதாக வலிக்காது. சின்ன ஓட்டையாக இருக்கும்போதே பக்கத்துச் சவ்வை இழுத்துத் தைத்தோ, மறுகன்னத்திலிருந்து புதுச் சவ்வு வைத்தோ மூடினால் தகடு பிழைக்கும்.

வாரம் ஒரு முறை, அதே இடத்தில், அதே டார்ச் வெளிச்சத்தில் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வெளியூர்க்காரர்கள் எழும்பூரிலோ சென்ட்ரலிலோ வந்து இறங்கிப் பார்த்துவிட்டுப் போக ஒரு நாள் கூலி போகும். சந்தேகம் வரும்போது பழைய போட்டோவையும் புதியதையும் சேர்த்து அனுப்பிக் கேட்டால் உடனே வர வேண்டுமா, குறித்த நாளில் வந்தால் போதுமா என்று தெரிந்துவிடும்.

நேர்மாறாக, சவ்வு வளர்ந்து சிலிண்டரை மூடுவதும் உண்டு. ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வரும். இதற்குப் பயப்பட வேண்டாம், மரத்துப்போக ஊசி போட்டு வெட்டிவிட்டால் பார்வை திரும்பிவிடும். ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோயாளிகளுக்கு உள்பக்கம் வளைந்த இமை முடி சவ்வை உரசிக்கொண்டே இருக்கும். அதை வீட்டில் பிடுங்கினால் திரும்ப முளைத்துக் குத்தும்.

புகையும் புகையிலையும் சவ்வின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். வெற்றிலையோடு புகையிலை போடுவதும் ஹான்ஸ் வைப்பதும் வாயைக் கெடுக்கும், வாய்தான் இந்தக் கண்ணுக்கு உதிரிபாகம் தரும் இடம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வெளித்தோற்றத்துக்காகச் சிலர் மேலே ஷெல் என்ற செயற்கை மூடி போட்டுக்கொள்வார்கள், நடுவில் துளையோடு மற்றக் கண்ணைப் போலவே வரைந்தது. கல்யாண வீட்டுக்குப் போக, வேலைக்குப் போக அது தேவைதான். இரவில் கழற்றிவிட வேண்டும், கழற்றியதும் அது அழுத்திய இடத்தைப் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் முனையில் பீளை காய்ந்து ஒட்டினால் பார்வை மங்கும். கொதித்து ஆறிய நீரிலோ சலைனிலோ நனைத்த சுத்தமான பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். நகமும் முந்தானை நுனியும் பிளாஸ்டிக்கில் கீறல் போடும். நந்தியாவட்டைச் சாறு, பன்னீர், விளக்கெண்ணெய் எதுவும் இந்தக் கண்ணுக்குப் போகக் கூடாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாம், சீயக்காய் கண்ணில் வழியாமல் தலையைப் பின்னால் சாய்த்து வேறொருவர் ஊற்றிவிட வேண்டும். கடலிலும் குளத்திலும் முங்கக் கூடாது. டூவீலரில் பின்னால் உட்கார்ந்து போனாலும் பக்கம் மூடிய கண்ணாடி அவசியம். சென்னைத் தூசிக்காக மட்டும் இல்லை, கிரிக்கெட் பந்தோ பஸ்ஸில் முழங்கையோ பட்டால் தகடே பெயரும்.

அன்றைக்கே ஓட வேண்டியவை

கண்ணுக்குள் சீழ் பிடித்தால் மணிக்கணக்கில் பார்வை போகும். புதிதாக வலி, திடீர் மங்கல், கண்முன் கறுப்பாக மிதப்பது, சிலிண்டரைச் சுற்றிச் சீழ், இவற்றில் எது வந்தாலும் திங்கட்கிழமை வரை பொறுக்கக் கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் அவசரம். மின்னல் வெட்டுவது போல் வெளிச்சமும் ஒரு பக்கம் திரை விழுவது போல் மறைப்பும் வந்தால் விழித்திரை விலகியிருக்கலாம். சிலிண்டர் வழியாக உள்ளே சரியாகத் தெரியாவிட்டால் சவ்வின்மேல் வைத்தே அல்ட்ராசவுண்டு பார்ப்பார்கள். சிலிண்டருக்குப் பின்னால் மெல்லிய படலம் படிவது இவ்வளவு அவசரம் இல்லை. லேசரில் உடைக்கலாம். ஆனால் லேசர் பிளாஸ்டிக்கிலேயே பட்டால் தழும்பு விழும் என்பதால் இந்தக் கண் பழகியவரிடமே செய்துகொள்ள வேண்டும்.

வாயும் மற்றப் பற்களும்

சவ்வு எடுத்த கன்னம் உள்ளே இறுகிக்கொண்டு வாய் திறப்பது குறையலாம். தன் மூன்று விரலை நெடுக்காக முன்பற்களுக்கு இடையில் விட முடிகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். இரண்டுதான் போகிறது என்றால் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி வைத்துத் தினமும் வாயைத் திறக்கும் பயிற்சியைப் பல் டாக்டர் சொல்லித்தருவார். மேல் கோரைப்பல்லை எடுத்த இடத்தில் சைனஸ் திறந்துகொண்டால் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியாக வரும். அதை மூடலாம். பக்கத்துப் பல்லின் வேர் எலும்பிழந்து ஆடுவதும் உண்டு.

மிச்சமிருக்கும் கோரைப்பற்கள்தான் உங்கள் சேமிப்பு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் சுத்தம் செய்துகொள்ளுங்கள், சொத்தை ஆழமாகும் முன் அடைத்துவிடுங்கள், கண் டாக்டரைக் கேட்காமல் எந்தக் கோரைப்பல்லையும் பிடுங்க விடாதீர்கள். இன்னொரு கண்ணிலும் செய்துவிடலாமே என்று குடும்பத்தில் கேட்பது இயல்பு. பெரும்பாலும் ஒரு கண்ணோடு நிறுத்துகிறார்கள். மற்றது கையிருப்பாக இருக்கட்டும் என்பதுதான் அதன் நியாயம், எங்களுக்கும் அதுவே சரியென்று படுகிறது.

சட்டைப்பையில் வைக்க வேண்டிய அட்டை

கண் டாக்டர் இல்லாத இடத்தில்தான் இந்தக் கண் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும். விபத்தில் மயங்கிக் கிடப்பவரின் கண்ணில் டார்ச் அடித்துப் பாப்பா சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். இந்தக் கண்ணில் பாப்பாவே கிடையாது. மூளையில் அடிபட்டு விரிந்துவிட்டது என்று முடிவுகட்ட இடமுண்டு. வேறு ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது, வாய் முழுசாகத் திறக்காதவருக்குக் குழாய் போட மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே தயாராக வேண்டும். காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டு ஸ்டீவன்ஸ் ஜான்சன் இரண்டாம் முறை வந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அட்டை எழுதி லேமினேட் செய்துகொள்ளுங்கள். எந்தக் கண்ணில், எந்த வருஷம் பல் தகடு வைக்கப்பட்டது, அந்தக் கண்ணில் வெளிச்சத்துக்குச் சுருங்கப் பாப்பா கிடையாது, மெஷினால் பிரஷர் பார்க்கக் கூடாது, மயக்கத்தில் இருக்கும்போது அந்தக் கண்ணை அழுத்தி டேப் ஒட்டக் கூடாது, வாய் எத்தனை விரல் திறக்கும், வால்வு இருக்கிறதா, ஒவ்வாத மாத்திரையின் மருந்துப் பெயர், அது கார்பமாசெபைனோ, ஃபெனிடாயினோ, சல்ஃபாவோ, அலோபியூரினாலோ, எதுவானாலும், தற்போது சாப்பிடும் மாத்திரைகள், கண் ஆஸ்பத்திரியின் பதிவு எண்ணும் அவசர போன் நம்பரும். அட்டை ஒன்று சட்டைப்பையில், அதன் போட்டோ கூட இருப்பவர் மொபைலில். மாத்திரை மாறும்போதெல்லாம் அட்டையையும் மாற்றி எழுத வேண்டும்.